அரியர் விழுந்த பிள்ளைக்கு எந்த உளவியல்?

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி போன் செய்தார். அண்ணன் மகளுக்கு முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது, கணக்கில் அரியர். சென்னையிலிருந்து ரயில் ஏறி ஈரோட்டுக்கு வந்தவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். மத்தியானச் சோறு மூடி வைத்தபடியே கிடக்கிறது, கொஞ்சம் வந்துட்டுப் போங்க என்றார்.

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலிடம் வாங்கியவள். கட்-ஆஃப் 190-க்கு மேல். சென்னையில் பேர் சொன்னால் தெரிகிற கல்லூரி. சீட் கிடைத்த அன்று அண்ணி தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மூன்று நாள் அதே படம்தான். அந்த வீட்டில் அரியர் என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொன்னார்கள்.

நான் போனபோது ஆளுக்கொரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அண்ணி கதவுக்கு வெளியே நின்று, “சாமி, நீ எத்தனை கெட்டிக்காரின்னு ஊருக்கே தெரியும், இந்த ஒரு பேப்பர் என்ன பெருசா?” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அங்க போட்டி ஜாஸ்தி. பேசாம இங்கயே பக்கத்துல ஒரு காலேஜுக்கு மாத்திடலாமா?” என்றார். எங்கள் அப்பா, அதாவது அவள் தாத்தா, நாற்காலியை விட்டு எழாமலே, “உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொன்னா தன்னால படிப்பா” என்றார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பி.எட். படிக்கும்போது உளவியல் தாளுக்காக நெட்டுரு போட்ட பெயர்கள் பரீட்சை முடிந்ததும் போய்விட்டன. அன்று ராத்திரிதான், இந்த மூன்று பேரும் தங்களுக்குத் தெரியாமலே ஆளுக்கொரு உளவியல் கொள்கையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று உறைத்தது. அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். இப்படி ஒரு கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள் எந்தக் கொள்கையைக் கையில் எடுப்பது என்று ஒப்பிட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். கதவுக்கு உள்ளே இருப்பவர்களும் படிக்கலாம்.

முதலில் ஒரு சொல் பஞ்சாயத்தைத் தீர்த்துவிடலாம். சுயமரியாதை என்றால் நமக்கு 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கம்தான் ஞாபகம் வரும். அது இன்னொருவர் முன்னால் கூனிக் குறுகாமல் நிற்பதற்கான உரிமைப் போராட்டம். தன்னம்பிக்கை என்பது புத்தகக் கடையில் ஒரு தனி அலமாரி. உளவியல்காரர்கள் அளக்கிற சரக்கு இரண்டும் இல்லை. ‘நான் எப்படிப்பட்ட ஆள், தேறுவேனா?’ என்று ஒருவர் தன்னைப் பற்றி மொத்தமாகப் போடுகிற மார்க் அது. தன்மதிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

அந்த மார்க்கை அளக்க இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படுகிற கேள்வித்தாளைச் செய்தவர் மோரிஸ் ரோசன்பர்க். நியூயார்க் மாநிலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து அவர் செய்த ஆய்வு 1965-இல் வெளிவந்தது. மொத்தம் 10 வாக்கியங்கள்தான். ‘மொத்தத்தில் எனக்கு என்மேல் திருப்தி உண்டு’ என்பது போல ஐந்து, ‘சில சமயம் நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது’ என்பது போல ஐந்து. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று டிக் அடிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் போன்ற நல்ல கருவி. ஆனால் தெர்மாமீட்டரை வெந்நீரில் முக்கி எடுத்துவிட்டு உடம்பு சூடாகிவிட்டது என்று சொல்கிற கதை அமெரிக்காவில் நடந்தது.

அண்ணியின் வைத்தியம்

கலிபோர்னியாவில் ஜான் வாஸ்கன்செலோஸ் என்றொரு சட்டமன்ற உறுப்பினர். மக்களின் தன்மதிப்பை உயர்த்திவிட்டால் குற்றம், போதை, பதின்ம வயதுக் கர்ப்பம், படிப்பில் பின்தங்குவது எல்லாம் குறையும் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. மாநிலத்தின் பட்ஜெட் பற்றாக்குறைக்குக்கூட அது உதவும் என்று வாதாடினார். 1986-இல் அரசே 25 பேர் கொண்ட பணிக்குழுவை அமைத்தது. மூன்று வருடத்துக்கு 7,35,000 டாலர் ஒதுக்கீடு. அந்தக் குழுவுக்காக ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 1989-இல் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். அதன் முன்னுரையிலேயே சமூகவியலாளர் நீல் ஸ்மெல்சர், தன்மதிப்புக்கும் இந்தப் பிரச்சினைகளுக்கும் உள்ள தொடர்பு ஏமாற்றம் தருகிற அளவுக்குக் குறைவு என்று எழுதிவிட்டார். யார் கேட்டார்கள்? 1990-இல் குழுவின் அறிக்கை வந்தது, பள்ளிக்கூடங்களில் ‘நீ தனித்துவமானவன்’ கலாச்சாரம் பரவியது.

2003-இல் ராய் பௌமைஸ்டரும் மூன்று சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு ஓரளவு அதிகம் இருப்பது உண்மைதான். ஆனால் தன்மதிப்பு உயர்ந்ததால் படிப்பு உயர்ந்தது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. படிப்பு வந்தால் மதிப்பு வருகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். மகிழ்ச்சியாக இருப்பதற்கும், தானாக முன்வந்து ஒரு காரியத்தைத் தொடங்குவதற்கும் அது உதவுகிறது என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். உல்ரிக் ஓர்த், ரிச்சர்ட் ராபின்ஸ் இருவரும் 2022-இல் நீண்டகால ஆய்வுகளை வைத்து, பலன்கள் சிறியவைதான், ஆனால் இல்லாமலில்லை என்று கொஞ்சம் திருத்தினார்கள். எனக்கு இந்தத் திருத்தம் நியாயமாகவே படுகிறது.

தன்மதிப்பு நல்லதா கெட்டதா என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதை வெளியிலிருந்து ஊதி ஏற்றலாமா என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் அண்ணிக்குச் சாதகமாக இல்லை. 2007-இல் டோனல்சன் ஃபோர்சைத் குழுவினர் வெளியிட்ட ஒரு சோதனை. உளவியல் பாடத்தில் மோசமாக மார்க் வாங்கிய கல்லூரி மாணவர்களுக்கு வாராவாரம் பயிற்சிக் கேள்விகளோடு மின்னஞ்சல் அனுப்பினார்கள். சிலருக்கு மட்டும் கூடவே தன்மதிப்பை ஏற்றுகிற வாசகங்கள். கடைசிப் பரீட்சையில், ஃபெயில் ஆகும் நிலையில் இருந்தவர்களில் அந்த வாசகம் வாங்கியவர்கள் இன்னும் கீழே போனார்கள். 2009-இல் ஜோன் வுட் குழுவினர், ‘நான் அன்புக்குரியவள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு மனசு இன்னும் கனத்தது. சொல்லச் சொல்ல உள்ளேயிருந்து ஒரு குரல் ‘பொய்’ என்று எதிர்ப்பாட்டுப் பாடியிருக்கும். யாருக்குத் தேவையோ அவர்களுக்குத்தான் அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை.

‘கெட்டிக்காரி’ என்ற சொல்லில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து ஒரு கடினமான புதிர்த் தொகுப்பில் எல்லோரும் தடுமாறினார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் அப்புறம் சுலபமான புதிர்களைக்கூட முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைப் பற்றிப் பொய் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! பதினெட்டு வருடமாகக் ‘கெட்டிக்காரி’ என்று கேட்டு வளர்ந்த ஒருத்திக்கு அரியர் என்றால், போனது ஒரு பேப்பர் மட்டும் இல்லை.

அண்ணனின் கணக்கு

அண்ணன் சொன்னதை நான் முதலில் அலட்சியமாகத்தான் கேட்டேன். படித்த பிறகு, மூவரில் அவர் பக்கம்தான் ஆராய்ச்சி கொஞ்சம் பலமாக இருக்கிறது என்று தெரிந்தது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே தன்மதிப்பை ஒரு பின்னமாக எழுதிவிட்டார். மேலே சாதித்தது, கீழே ஆசைப்பட்டது. கணக்கு டீச்சருக்கு இதைவிட இனிப்பான கொள்கை உண்டா? பின்னம் பெரிதாக வேண்டுமென்றால் தொகுதியைக் கூட்டு, இல்லையென்றால் பகுதியைக் குறை. உலகத்தில் இரண்டாவது சிறந்த குத்துச்சண்டை வீரன் வெட்கத்தில் செத்துப்போகிறான், ஒரே ஒரு ஆளைத் தவிர உலகத்தில் எல்லோரையும் அவனால் அடிக்க முடியும் என்பது அவன் கணக்கில் வரவே இல்லை என்கிறார். தன்னைப் பற்றியும் சொல்கிறார்: உளவியலில் இன்னொருவருக்குத் தன்னைவிட அதிகம் தெரிந்தால் அவமானமாக இருக்குமாம், கிரேக்க மொழி ஒரு எழுத்துத் தெரியாவிட்டாலும் கவலையே இல்லையாம். இளமையாகவோ ஒல்லியாகவோ இருக்க வேண்டும் என்ற முயற்சியைக் கைவிடுகிற நாள் எவ்வளவு இதமான நாள் என்றும் எழுதுகிறார். ஐம்பதைத் தொட்ட எனக்கு அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது.

கல்லூரியை மாற்றுவது என்பது பகுதியைக் குறைப்பது. அதை இன்னும் துல்லியமாகச் சொன்னவர் ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த ஹெர்பர்ட் மார்ஷ். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் படிக்கிறவர் ‘எனக்குப் படிப்பு வராது’ என்றும், சாதாரணப் பள்ளியில் படிக்கிறவர் ‘நான் நன்றாகப் படிப்பவன்’ என்றும் நினைக்கிறார்கள். சின்னக் குளத்தில் பெரிய மீன் என்று இதற்குப் பெயர். மார்ஷும் கிட்-டாய் ஹௌவும் 2003-இல் 26 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயதுப் பிள்ளைகளின் விவரங்களை வைத்துப் பார்த்தபோதும் இதே முடிவுதான் வந்தது. பெரிய கல்லூரியின் பேரால் கிடைக்கிற பெருமை இந்த அடியை ஈடுகட்டுவதில்லை. எங்கள் பிள்ளைக்கு நடந்தது அட்சரம் பிசகாமல் இதுதான். பள்ளியில் அவள்தான் முதல், இங்கே வகுப்பில் அறுபது பேரும் அவரவர் பள்ளியில் முதல்.

அப்படியானால் மாற்றிவிடலாமா? இங்கேதான் நான் அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. குளத்தின் கொள்கை, மீன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று சொல்கிறது. மீனுக்கு நீந்த வராது என்று அது எங்கும் சொல்லவில்லை. அதனால் அந்தக் கொள்கையை மருந்தாக எடுப்பதைவிடத் தகவலாக எடுப்பது மேல். ‘உன் மூளை மாறவில்லை, நீ ஒப்பிடுகிற ஆட்கள் மாறிவிட்டார்கள்’ என்று சொன்னாலே பாதி பாரம் இறங்கும். இன்னொன்று, ஜேம்ஸின் பின்னத்தில் பகுதியைக் குறைக்கிற உரிமை அதை வைத்திருப்பவருக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். எனக்கு இது வேண்டாம் என்று அவளே சொன்னால் அது நிம்மதி. உனக்கு இது வேண்டாம் என்று அவளைப் பெற்றவர் சொன்னால், ‘உன்னால் முடியாது’ என்றுதான் காதில் விழும். உண்மையிலேயே படிப்பு பிடிக்காமல் கட்டாயத்தில் சேர்ந்தவர்களுக்கு ஜேம்ஸ்தான் சரியான ஆள். ஒரு அரியருக்கு அவரைக் கூப்பிடக் கூடாது.

அப்பாவின் வழியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. மற்றவர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம், அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கற்பனை செய்துதான் நம் பெருமையும் கூச்சமும் உருவாகின்றன என்று சார்லஸ் கூலி 1902-இல் சொன்னார். மார்க் லியரி 1995-இல் ஒரு படி மேலே போய், தன்மதிப்பு என்பதே ஒரு மீட்டர் என்றார். கூட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறதா, ஒதுக்கிவிடுவார்களா என்று காட்டுகிற முள். வண்டியில் பெட்ரோல் முள் மாதிரி. முள் கீழே கிடக்கும்போது திட்டுவது, இருக்கிற பெட்ரோலையும் உறிஞ்சி எடுப்பது. இதையே திருப்பிப் போட்டால் அண்ணிக்கும் பாடம் இருக்கிறது. முள்ளை விரலால் தூக்கிவிட்டால் வண்டி ஓடாது. சாப்பாட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவேளை கொஞ்சம் ஓடும்.

மிச்சம் இருப்பது இரண்டு

சரி, அப்புறம் என்னதான் செய்வது? என் பட்டியலில் கடைசிவரை நின்றவை ஆல்பர்ட் பண்டூராவும் கிறிஸ்டின் நெஃபும்.

பண்டூரா 1977-இல் தன்மதிப்பை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தார். ‘இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை. இரண்டும் வேறு வேறு. எனக்குப் பரதம் ஆட வராது, அதனால் என் மதிப்பு ஒன்றும் குறையவில்லை. அந்த முடியும் என்ற நம்பிக்கை நாலு வழியாக வருகிறது என்றார். தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் எடுத்துச் சொல்வது, உடம்பும் மனசும் அந்த நேரத்தில் இருக்கிற நிலை. இவற்றில் முதலாவதுக்குத்தான் பலம் அதிகம். பாம்பைக் கண்டால் நடுங்குகிறவர்களை அவர் படிப்படியாகப் பாம்பின் பக்கத்தில் கொண்டுபோய், கடைசியில் கையால் தொடவே வைத்தார். ‘உன்னால் முடியும்’ என்று ஆயிரம் தரம் சொல்வது மூன்றாவது வழி. நம் வீடுகளில் பெரும்பாலும் அது ஒன்றுதான் நடக்கிறது.

நெஃப் 2003-இல் கொண்டுவந்தது தன்பரிவு. மார்க் போடுவதையே நிறுத்து என்பதுதான் அதன் சாரம். தோற்ற நேரத்தில் ஒரு சிநேகிதியிடம் எப்படிப் பேசுவாயோ அப்படி உன்னிடம் பேசு, இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை என்று நினை, வலியை மறைக்கவும் வேண்டாம், அதிலேயே மூழ்கவும் வேண்டாம். மனிதனுக்கு மொத்தமாக மதிப்பெண் போடுவதே தப்பு, செயலுக்கு மட்டும் போடு என்று உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் இதற்கு ரொம்ப முன்பே தன் அதட்டல் பாணியில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எல்லிஸைப் பிடிக்கும், ஆனால் அழுகிற பிள்ளைக்கு நெஃபின் குரல்தான் சரி.

இதைக் கேட்டதும் எங்கள் அப்பா கேட்ட கேள்வி உங்களுக்கும் வரும். இப்படித் தடவிக் கொடுத்தால் சோம்பேறியாகிவிட மாட்டார்களா? 2012-இல் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் பெர்க்லியில் இதைத்தான் சோதித்தார்கள். மாணவர்களுக்கு ரொம்பக் கடினமான ஒரு சொற்பரீட்சை வைத்தார்கள். ஒரு குழுவிடம், இந்தப் பரீட்சை பலருக்கும் கஷ்டம்தான், உங்களை நீங்களே ரொம்பக் கடிந்துகொள்ளாதீர்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம், பெர்க்லியில் இடம் கிடைத்திருக்கிறதே, நீங்கள் புத்திசாலியாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுபரீட்சைக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தது முதல் குழு. இரண்டாவது குழுவுக்குச் சொன்ன வாக்கியம் அண்ணி கதவுக்கு வெளியே சொன்னதேதான், மொழி மட்டும் வேறு.

ஆக, இரண்டில் எது? என் முடிவு, நேரத்தைப் பொறுத்தது. ரிசல்ட் வந்த முதல் இரண்டு நாளுக்கு நெஃப். அந்த நேரத்தில் பண்டூராவை எடுத்துக்கொண்டு போனால், ‘எழுந்து கணக்குப் போடு’ என்பதும் அப்பாவின் நாலு வார்த்தையும் ஒன்றுதான். மூன்றாம் நாளிலிருந்து பண்டூரா. அப்போதும் பரிவிலேயே நின்றால், மனசு ஆறும், மேட்ரிக்ஸ் வராது.

அன்று ராத்திரி நான் கதவைத் தட்டி, “அத்தை வந்திருக்கேன், நானும் காலேஜ்ல ஒரு பேப்பர்ல அரியர் வச்சவதான், திற” என்றேன். அது நிஜம், புள்ளியியல் பேப்பர். வீட்டில் இருபத்தைந்து வருடமாக யாருக்கும் தெரியாது, அண்ணனுக்கே அன்றுதான் தெரியும். கதவு திறந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, “நெஜமாவா அத்தை? எத்தனை மார்க்?” என்றுதான் முதலில் கேட்டாள். சொன்னேன். சிரித்தாள். அன்றைக்கு அவ்வளவு போதும் என்று கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பழைய கேள்வித்தாள்களோடு போனேன். பெரிய கேள்விகளைத் தொடவே இல்லை. ஒரு மேட்ரிக்ஸைக் கொடுத்து அதன் ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை கேட்கிற 2 மார்க் கேள்வி ஒன்றை நீட்டினேன். மூலைவிட்டத்தில் இருக்கிற எண்களைக் கூட்டினால் விடை வந்துவிடும். ஆறு வினாடி. “இதுக்கா ரெண்டு மார்க்?” என்றாள். அடுத்தது, பெருக்கல் தொகை. அதற்கு அணிக்கோவையின் மதிப்பைக் கண்டுபிடித்தால் போதும். இப்படி 2 மார்க்கிலேயே ஒரு யூனிட் முழுக்கப் போனோம். கெய்லி-ஹாமில்டன் தேற்றத்துக்கு வந்தபோது பென்சிலை அவளே பிடுங்கிக்கொண்டாள். பண்டூராவின் இரண்டாவது வழிக்கு, அதே பேப்பரில் அரியர் வைத்துப் பிறகு தேறிய சீனியர் ஒருத்தியை அவளே ஹாஸ்டலில் கண்டுபிடித்துக்கொண்டாள். எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பிள்ளையைக் காட்டியிருந்தால் அது வேலைக்கு ஆகியிருக்காது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளை வைத்துச் செய்தவை என்பதை மறக்கக் கூடாது. ‘நான்’ என்பதே எல்லா ஊரிலும் ஒன்று இல்லை, சில சமூகங்களில் அது உறவுகளோடு பின்னிக் கிடக்கிறது என்று ஹேசல் மார்க்கஸும் ஷினோபு கிதயாமாவும் 1991-இல் விரிவாக எழுதினார்கள். அவர்கள் ஒப்பிட்டது முக்கியமாக ஜப்பானையும் அமெரிக்காவையும். எங்கள் வீட்டில் அவள் அழுததற்குக் காரணம் கேட்டபோது வந்த முதல் பதில், “அம்மா ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டாங்களே அத்தை.” எதன்மேல் ஒருவர் தன் மதிப்பைக் கட்டி வைத்திருக்கிறார் என்பதுதான் முக்கியம் என்கிறார் ஜெனிஃபர் குரோக்கர். படிப்பு, தோற்றம், போட்டி, பிறர் அங்கீகாரம், குடும்பத்தின் அன்பு, நேர்மை, கடவுளின் அன்பு என்று ஏழு இடங்களை அவரும் கோனி வுல்ஃபும் வகைப்படுத்தினார்கள். மேல்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, மதிப்பைப் படிப்பின்மேல் கட்டியவர்கள் இடம் கிடைத்த நாளில் எகிறியதும் மறுப்பு வந்த நாளில் சரிந்ததும் மற்றவர்களைவிட அதிகம். இவளுக்குப் படிப்பும் அம்மாவின் ஸ்டேட்டஸும் ஒரே தூணாக இருந்தன.

ஒன்றை மட்டும் கொள்கை எதுவும் பார்க்காமல் செய்யுங்கள். பிள்ளை பல நாளாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, இருந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேசுகிறது என்றால் இந்த ஒப்பீடெல்லாம் தேவையில்லை. தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த செமஸ்டரோடு அந்தப் பேப்பரை மறுபடி எழுதினாள். தேறினாள். கிரேடு ஒன்றும் பிரமாதம் இல்லை. ரிசல்ட் வந்த அன்று நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணி போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, “ஸ்டேட்டஸ்ல போடட்டுமா சாமி?” என்று கேட்டார்.

“போடும்மா” என்றாள். “அரியர் கிளியர்னு போடு.”